ஃபைலில் எழுதச் சொன்னேன்

2023 நவம்பர் 2, வியாழன்

இன்றோடு 12 வாரம். கரு வைத்தது கோயமுத்தூரில், பிரசவம் இங்கே கோபியிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு. முதல் தடவை வந்தபோது ஐவிஎஃப், அதாவது சோதனைக் குழாய்க் கரு என்று மட்டும் சொன்னேன், முட்டை என்னுடையதில்லை, வேறொரு பெண் டோனராகக் கொடுத்தது என்பதை விழுங்கிவிட்டேன். சின்ன ஊர், ஆஸ்பத்திரியில் யாராவது ஒருவர் நமக்குச் சொந்தமாக இருப்பார் என்ற பயம். இன்றைக்கு வீட்டுக்காரரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே போய்ச் சொன்னேன். டாக்டரம்மா முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "ஏனுங்க, இதை மொதல்லயே சொல்லியிருக்கோணுமுங்க" என்றார். ஃபைலில் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

உடனே ராத்திரிக்கு ஒரு ஆஸ்பிரின் 150 மில்லிகிராம் எழுதினார், வீட்டுக்குப் பிபி மிஷின் வாங்கச் சொன்னார். சாதாரணமாகப் பிள்ளையில் பாதி அம்மாவுடையது, இதில் என் பங்கு மரபணுவில் இல்லை, அதனால் என் உடம்புக்குக் கரு முழுக்க அந்நிய ஆள்; நஞ்சுக்கொடி சரியாக வேர் பிடிக்காமல் போய்ப் பிபி ஏறும் வாய்ப்பு கூடுதல். என் வயது 41 என்பதால் மட்டும் இல்லை, சொந்த முட்டையில் ஐவிஎஃப் செய்தவர்களைவிடவும் எங்களுக்கு அது அதிகமாம். 16 வாரத்துக்குள் ஆஸ்பிரின் தொடங்கினால்தான் நல்ல பலன். இன்னும் ஒரு மாதம் நான் வாயை மூடியிருந்தால்? நினைக்கவே வயிற்றைக் கலக்குகிறது.

நவம்பர் 19, ஞாயிறு

முட்டை கொடுத்த பெண்ணையே நினைத்துக்கொண்டிருந்தேன். 2021-ல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி கொடுப்பவருக்கு 23 முதல் 35 வயது இருக்க வேண்டும், ஆயுளில் ஒரே தடவை, ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. 2022-ல் நம்ம ஈரோட்டிலேயே 16 வயசுப் பெண்ணை, போலி ஆதாரில் வயதைக் கூட்டிக் காட்டி, திரும்பத் திரும்ப முட்டை எடுக்க வைத்த வழக்கு வந்ததே, அந்தச் செய்தி படித்த நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் எங்களுக்குக் கொடுப்பவரின் வயசுக்கும் இன்சூரன்சுக்கும் பேப்பர் காட்டினால்தான் ஆச்சு என்று நின்றேன். பேர் ஊர் சொல்லமாட்டார்கள், நன்றாக இருக்கிறார் என்று மட்டும் சொன்னார்கள். அந்த வார்த்தை எனக்கு வேண்டியிருந்தது.

2024 ஜனவரி 16, மாட்டுப் பொங்கல்

பிபி 118/76. பாப்பா உதைக்கிறது. வேறொன்றுமில்லை.

மார்ச் 26, செவ்வாய்

காலையில் மெட்டி விரலை இறுக்கியது, தேங்காயெண்ணெய் போட்டும் கழலவில்லை. பின்மண்டையில் வலி. மிஷினில் 152/100. பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன், 154. மிஷின் இல்லாமல் இருந்திருந்தால் வெயில் தலைவலி என்று படுத்திருப்பேன். சிறுநீரில் புரதம் வந்துவிட்டது, சாயங்காலமே ஈரோட்டில் அட்மிஷன். பாப்பாவின் நுரையீரலுக்காக 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நாலு ஊசி.

மார்ச் 30, சனி

பிபி அடங்கவில்லை, ஆபரேஷன். 33 வாரம் 2 நாள். பெண். 1,640 கிராம். அழுதாளாம், எனக்குக் கேட்கவில்லை, அவர்தான் சொன்னார்.

ஏப்ரல் 9, செவ்வாய்

டோனர் முட்டைக் குழந்தைகளுக்கு ஊனம் வருமா என்று போன வருஷமெல்லாம் பயந்து செத்தேன். சொந்த முட்டை ஐவிஎஃப் குழந்தைகளைவிட அது கூடுவதாகத் தெளிவான ஆதாரம் இல்லை என்கிறார் குழந்தை டாக்டர். சீக்கிரம் பிறப்பதும் எடை குறைவதும்தான் கூடுதல், அதிலும் பெரும்பங்கு அம்மாவின் பிபியால். இரட்டை என்றால் இன்னும் மோசம், அதனால்தான் கோயமுத்தூரில் ஒரே கரு வைத்தார்கள்.

இன்று கங்காரு முறையில் பாப்பாவை என் நெஞ்சில் வைத்தார்கள், வெறும் தோலோடு தோல். 1978-ல் கொலம்பியாவில் இன்குபேட்டர் போதாமல் ஆரம்பித்த வழியாம். தவளைக்குஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டாள். மூச்சு என் கழுத்துக் குழியில் படுகிறது, காது மடல் இன்னும் மெத்தென்று மடங்கிக் கிடக்கிறது. எனக்குத் தையல் வலித்தபோது அத்தை ரவிக்கையைத் தளர்த்திக்கொண்டு "இங்க குடு கண்ணு" என்று வாங்கி ஒரு மணி நேரம் வைத்திருந்தார். அத்தைக்கு இன்னும் விஷயம் தெரியாது.

பாப்பாவுக்கே சொல்ல வேண்டும். சூசன் கோலம்போக் என்ற ஆய்வாளர் இங்கிலாந்தில் இப்படிப் பிறந்த பிள்ளைகளை 20 வயது வரை பார்த்துப் போன வருஷம் எழுதியிருக்கிறார்: மனநலத்தில் மற்ற பிள்ளைகளுக்குக் குறைவில்லை, ஏழு வயதுக்குள் சொல்லிவிட்ட வீடுகளில் அம்மாவோடு உறவும் நன்றாக இருக்கிறதாம்.

ஏப்ரல் 27, சனி

நாலு வாரம், 2,180 கிராம். 34 வாரத்துக்கு முன் பிறந்ததால் விழித்திரை பார்க்க வேண்டும் என்று வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சொட்டு மருந்து விட்டுக் கண்ணை விரித்துப் பிடித்தபோது கத்திய கத்து இன்னும் காதில் இருக்கிறது. பயமில்லை, இரண்டு வாரம் கழித்து ஒருமுறை வாங்க என்றார்கள்.

அதற்கு முன் சீட்டு எழுதும் இடத்தில், ஐவிஎஃபா என்று நர்ஸ் கேட்டது. நான் வாய் திறக்குமுன் வீட்டுக்காரர், அத்தை பக்கத்தில் நிற்கும்போதே, "ஆமாங்க, டோனர் முட்டை. எழுதிக்குங்க" என்றார். அத்தை அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் பாப்பாவின் குல்லாவைக் காது வரை இழுத்துவிட்டார்.