புரட்டாசிச் சனிக்கிழமை காலை நின்றுபோன ஆட்டோமேஷன்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் மாமனாரின் மளிகை மொத்தக் கடையை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மெயிலில் வரும் ஆர்டரைப் பார்த்து ஆள் வைத்து பில் அடிப்பது கட்டுப்படியாகவில்லை என்று 2023 செப்டம்பரில், ஆர்டர் மெயிலைத் தானே படித்து பில் போட்டு அனுப்பும் ஓர் ஆட்டோமேஷன் சேவையில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். சேர்வதும் இணைப்பதும் அரை நாளில் முடிந்தது.

இங்கே புரட்டாசியில் நம்மவர்கள் கறியையும் மீனையும் நிறுத்திவிடுவார்கள், எங்களிடம் பருப்பு பறக்கும். தினமும் 60 ஆர்டர். பதினாறாம் நாள் காலை, சனிக்கிழமை வேறு, கூட்ட நேரத்தில் எல்லாம் நின்றது. மாதத்துக்கான 10,000 ஆபரேஷன் தீர்ந்துவிட்டதாம்! பதினைந்து நாளில் 900 ஆர்டர்தானே, எப்படித் தீரும்? பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஓர் ஆர்டரை முடிக்க ஆறு படிநிலை, படிநிலைக்கு ஓர் ஆபரேஷன். அதுகூடப் பரவாயில்லை. புது மெயில் வந்திருக்கிறதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்ப்பதற்கும் கணக்கு உண்டு. அதுவே நாளைக்கு 288. கடை பூட்டிய ராத்திரியிலும் மீட்டர் ஓடியிருக்கிறது. அந்தச் சேவையின் விற்பனைப் பையன் இதைப் பற்றி மூச்சே விடவில்லை. வாடிக்கையாளர் விவரமெல்லாம் எந்த நாட்டில் இருக்கும், போப்பியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்று கேட்டதற்கும் "எல்லாம் கிளவுடில் சார்" என்றான்.

இன்னொரு கூத்து, கமா. இந்த நாட்டில் பலருடைய எக்செல், சென்டுக்கு முன்னால் புள்ளிக்குப் பதில் கமா போடும். 1 250,50 ரேண்ட் என்று வந்ததை என் ஒர்க்ஃப்ளோ (நான் வரிசையாகக் கோத்துவைத்த படிநிலைகள்) கமாவைத் தூக்கிவிட்டு 125050 என்று படித்து பில்லும் அனுப்பிவிட்டது. கோயில் சமையலுக்கு வாங்குகிறவர் போன் போட்டு, "என்ன அண்ணா, பருப்புக்குத் தங்க முலாமா?" என்றார். தப்பு என்னுடையது. சோதித்துப் பார்த்ததெல்லாம் நானே அழகாகத் தயாரித்த மாதிரி ஆர்டர்கள். வாடிக்கையாளர் அனுப்பியதிலேயே அலங்கோலமான பத்து ஆர்டரைக் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும். அதில் மைசூர்ப் பருப்பும் மிளகாய்த்தூளும் சேர்ந்த ஒன்று கட்டாயம் இருக்கட்டும். மைசூர்ப் பருப்புக்கு வாட் வரி பூஜ்யம், மிளகாய்த்தூளுக்கு 15 சதவீதம். மொத்தத் தொகைக்கு வரி போடும் ஒர்க்ஃப்ளோ அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

இரண்டாவது தடவை வேறு சேவை தேடியபோது, எதை எண்ணிக் காசு கேட்கிறார்கள் என்பதை மட்டும்தான் பார்த்தேன். ஜேப்பியர் என்ற சேவை, வெற்றிகரமாக முடிந்த ஒவ்வொரு செயலையும் எண்ணும், எட்டிப் பார்ப்பதை எண்ணாது. என்8என் (n8n) என்ற இன்னொன்றின் கிளவுடில் எத்தனை படிநிலை இருந்தாலும் முழு ஓட்டமும் ஒன்றாகத்தான் எண்ணப்படும். நம் சொந்த சர்வரில் போட்டுக்கொண்டால் அதன் கம்யூனிட்டி பதிப்புக்குக் காசே இல்லை. கடைக்குள் சொந்த வேலைக்குப் பயன்படுத்த உரிமமும் இடம் கொடுக்கிறது. டாலரில் மாதாமாதம் கட்டி ரேண்ட் விழும்போதெல்லாம் வயிறு எரிய வேண்டாம் என்று அதையே எடுத்தேன்.

முதலில் கல்லாவுக்குக் கீழே இருந்த பழைய கம்ப்யூட்டரில் போட்டேன். லோட் ஷெடிங் என்ற மின்வெட்டு வந்தபோதெல்லாம் அதுவும் படுத்துவிட்டது. ஒரு வாரத்தில் வாடகை சர்வருக்கு மாறினேன். அப்புறம், காலை ஏழு மணிக்கு டிரைவருக்குப் போக வேண்டிய டெலிவரி பட்டியல் மதியம் ஒரு மணிக்குப் போனது. என்8என்னில் நேர மண்டலம் நாமாக மாற்றாதவரை நியூயார்க்தான் என்று ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள், நான்தான் படிக்கவில்லை. டர்பன் என்று தேடாதீர்கள், கிடைக்காது. ஆப்பிரிக்கா/ஜோகன்னஸ்பர்க் என்று போட வேண்டும்.

என்கிரிப்ஷன் கீயை மட்டும் சர்வருக்கு வெளியே ஓரிடத்தில் எழுதி வையுங்கள். அது தொலைந்தால் சேமித்து வைத்த பாஸ்வேர்டு ஒன்றையும் திறக்க முடியாது, எல்லாவற்றையும் முதலிலிருந்து இணைக்க வேண்டியதுதான். எங்கள் கீ மாமனாரின் கணக்கு நோட்டில், பிள்ளையார் சுழிக்கு அடுத்த வரியில் இருக்கிறது. அது என்ன மந்திரம் என்று அவர் இன்னும் கேட்கவில்லை.