கலிழி நீர்

நம் தமிழாசிரியர் மறைந்த செய்தியும் பழைய மாணவர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்ட செயலாளரின் மடலும் ஒரே நாளில் வந்தன. ஆகவே அவருக்கு எழுதியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

ஐங்குறுநூற்றின் 203ஆம் பாட்டை ஆங்கிலத்தில் எழுதும்படி அவர் என்னைக் கரும்பலகைக்கு அழைத்த நாள் என் வகுப்பினருக்கு மறந்திராது. நம் தோட்டத்துத் தேன் கலந்த பாலைவிட, அவர் நாட்டில் தழை மூடிய கிணற்றின் அடியில் மான் உண்டு எஞ்சிய கலங்கல் நீர் ('கலிழி நீர்') இனியது என்று, கணவன் ஊரிலிருந்து வந்த பெண் தோழியிடம் சொல்வதாகக் கபிலர் பாடியது அது. நான் 'நீர்' என்ற எழுவாயில் தொடங்கினேன், இலக்கணப்படி பிழையில்லை. "கபிலர் கடைசிச் சொல்லில் காட்டிய தண்ணீரை நீ வாசலிலேயே கொட்டிவிட்டாயே!" என்றார் ஐயா. அன்று வாய்த்த 'தண்ணீர்' என்ற பட்டப்பெயர் சங்கக் கூட்டங்களில் இன்றும் வற்றவில்லை.

வெளிநாடு வந்தபின், பல்கலைக்கழக நூலகமொன்றில் சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்த கவிஞர் ஏ. கே. ராமானுஜன் மொழிபெயர்ப்பைப் பற்றி எழுதிய கட்டுரையைப் படித்தேன். அவரே 1962இல் சிகாகோ நூலகத்தின் நிலவறையில் பழந்தமிழ் இலக்கணம் தேடப்போய்ச் சங்கப் பாடல்களைக் கண்டெடுத்தவர். கபிலரைச் சந்திக்க எங்கள் இருவருக்குமே கடல் கடக்க வேண்டியிருந்தது போலும். தமிழில் அடைகள் பெயருக்கு முன்னே அடுக்கப்படுகின்றன, ஆங்கிலத்தில் பெரும்பாலும் பின்னே தொடர்கின்றன. ஆகவே சொல்லுக்குச் சொல் வைப்பதைவிட, பாட்டின் உறுப்புகள் ஒன்றோடொன்று கொண்ட உறவை மற்றமொழியில் போலச்செய்வதே மொழிபெயர்ப்பாளன் வேலை என்று அவர் காட்டுகிறார். எடுத்துக்காட்டாக அவர் அலசியதும் இதே பாட்டைத்தான். கபிலரைப் போல இனிமையை முதலில் வைத்தார். ஆனால் நீர் அவர் மொழிபெயர்ப்பில் நடுவிலேயே வந்துவிடுகிறது; தழையும் கலங்கலும் அதன் பின்னே வர, விலங்குகளில் பாட்டு முடிகிறது. (மான் பொதுவாக விலங்கானதை ஐயா மன்னித்திருக்கமாட்டார்.)

ராமானுஜனாலும் தண்ணீரைக் கடைசிவரை தாங்க முடியவில்லை, ஐயா! இதை எழுதி அவரைச் சிரிக்கவைக்க வேண்டுமென்று அன்றே நினைத்தேன். பிறகு, கடிதம் எதற்கு, விடுமுறையில் போய் நேரிலேயே வாதாடலாம் என்று ஆண்டுக்காண்டு தள்ளிவைத்தேன். கபிலரின் பெண்ணாவது ஒருமுறை வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனாள்.