இளம் யூதர்களின் கூடுகை எப்போது கூடுகையாகிறது?

அமெரிக்காவில் இருபது, முப்பது வயதுகளில் இருக்கும் யூத நண்பர்கள் தங்களுக்குள் நடத்தும் கூடுகைகளுக்கு என்னையும் அழைத்திருக்கிறார்கள். அவற்றை ஏற்பாடு செய்கிறவர்களில் பலர், எத்தனை பேர் வந்தார்கள் என்பதை வைத்தே வெற்றியை அளக்கிறார்கள். எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கையில்லை. முதன்முறையாக வந்தவருக்கு அங்கே ஒரு பொறுப்பு கிடைத்ததா, அடுத்த விருந்தைத் தன் வீட்டில் வைக்கும் துணிவு அவருக்கு வந்ததா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இது எளிதன்று. பியூ ஆய்வு மையம் 2020இல் நடத்திய கணக்கெடுப்பில், 30 வயதுக்குட்பட்ட அமெரிக்க யூதர்களில் 40 சதவீதத்தினர் தங்களுக்கு மதம் என்று எதுவும் இல்லை என்றனர்; அதே வயதினரில் 17 சதவீதத்தினர் ஆசாரம் வழுவாத ஆர்த்தடாக்ஸ் பிரிவினர். இந்த இரு சாராரும் ஒரே மேசையில் மனச்சுருக்கமின்றி உட்கார வேண்டுமென்றால், அழைப்பு அனுப்பும்போதே சிலவற்றை யோசித்தாக வேண்டும். வெள்ளி மாலை தொடங்கும் ஷபாத் ஓய்வுநாளில் ஆசாரமானவர்கள் வாகனத்தில் ஏற மாட்டார்கள், கைப்பேசியைத் தொட மாட்டார்கள். ஆகவே அவர்கள் நடந்து வரக்கூடிய தொலைவில் வீடு இருக்க வேண்டும், முகவரியும் மாடி எண்ணும் சூரியன் மறைவதற்கு முன்பே அவர்கள் கையில் இருக்க வேண்டும். சைவ உணவு சமைத்துவிட்டால் கோஷர் என்னும் யூத உணவு விதி நிறைவேறிவிடும் என்று நினைப்பதும் சரியன்று, ஏனென்றால் சமைத்த பாத்திரமும் அடுப்பும் கூட அந்த விதிக்குள் வருகின்றன. கோஷர் முத்திரையுள்ள கடையிலிருந்து மூடி முத்திரையிட்டு வரும் உணவையும் காகிதத் தட்டுகளையும் வைத்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

புதியவரைக் கூசவைப்பது பெரும்பாலும் மிகச் சிறிய விஷயமாகவே இருக்கும். விருந்துக்கு முன் கைகழுவி வருகிறவர்கள், ஹல்லா என்னும் ஷபாத் ரொட்டிக்கான ஆசியைச் சொல்லி ஒரு துண்டு சாப்பிடும்வரை பேசுவதில்லை. இதை அறியாத ஓர் இளைஞர், தன் அருகில் வந்து நின்றவரிடம் பெயர் கேட்டதையும், அவர் புன்னகையோடு தலையை மட்டும் அசைத்ததையும், கேட்டவரின் முகம் வாடியதையும் நான் பார்த்தேன். “இப்போது சிறிது நேரம் பேச மாட்டோம், ரொட்டி வந்ததும் பேசலாம்” என்று வீட்டுக்காரர் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அந்த மௌனத்தில் அவரும் பங்குகொண்டிருப்பார். எபிரேய எழுத்து படிக்கத் தெரியாதவர்களுக்காக ஆசிகளை ஒலிபெயர்த்து அச்சிட்ட தாளை எல்லாருக்கும் கொடுப்பதும் அப்படித்தான். கேட்பவருக்கு மட்டும் கொடுத்தால், கேட்கவே பலர் கூசுவார்கள்.

மண்டபத்தைவிட வீடே இதற்கு ஏற்றது என்பதை இரண்டு அமைப்புகள் நன்கு புரிந்துகொண்டன. 2006இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் தொடங்கிய மோய்ஷி ஹவுஸ், சேர்ந்து வாழும் இளைஞர்களின் வாடகையில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டு, பதிலுக்கு அவர்கள் தங்கள் வீட்டிலேயே கூடுகைகள் நடத்தும்படி செய்தது. 2014இல் தொடங்கிய ஒன்டேபிள், வெள்ளி இரவு விருந்தைத் தம் வீட்டில் வைக்க முன்வரும் இளைஞர்களுக்குக் கைகொடுக்கிறது. அழைக்கிறவரும் அழைக்கப்படுகிறவரும் ஒரே வயதினராக இருப்பதால், நாளை இடம் மாறி உட்காருவதும் அவர்களுக்கு இயல்பாகிறது.

வரன் பார்க்கும் நோக்கம் மறைவாக இருந்தால் இளைஞர்கள் அதை உடனே மோப்பம் பிடித்துவிடுவார்கள். பியூ கணக்கெடுப்பின்படி, 2010க்குப் பின் மணந்த அமெரிக்க யூதர்களில் 61 சதவீதத்தினரின் துணைவர் யூதர் அல்லர். ஆகவே துணையையும் அழைத்து வரலாமா என்பதை அழைப்பிலேயே தெளிவாக எழுதிவிடுவது நல்லது. அதை ஊகத்துக்கு விட்டால் வரத் தயங்கி விலகுகிறவர்கள் அதிகம்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு, சனி இரவில் ஓய்வுநாளை வழியனுப்பும் ஹவ்தாலாவையே நான் பரிந்துரைப்பேன். பல திரிகளைப் பின்னிய ஒரு மெழுகுவத்தி, ஒரு கிண்ணம் திராட்சை ரசம், முகர்ந்து பார்க்கக் கொஞ்சம் வாசனைப் பொருள் போதும். சடங்கு சில நிமிடங்களில் முடியும். ஓய்வுநாள் கழிந்துவிடுவதால் ஆசாரமானவர்களும் சடங்குக்குப் பின் வண்டியில் வீடு திரும்பலாம். மெழுகுவத்தியைப் பிடிக்கும் பொறுப்பை, அன்று முதன்முறையாக வந்தவரிடமே கொடுங்கள்.