அடி ஸ்கேலும் கடலை மிட்டாயும்

வீட்டு வரி ரசீதின் வலது மூலை போய்விட்டது. சுண்டெலி. எலிக்கு முன்பல் சாகிற வரைக்கும் வளர்ந்துகொண்டே இருக்குமாம், எதையாவது கடித்துத் தேய்த்தே ஆக வேண்டுமாம். சரி, தேய்க்கட்டும். பழைய பேப்பர் ஆள் உயரத்துக்குக் கிடக்கிறதே, அது பல்லுக்கு ஆகாதா?

கம் அட்டை கூடவே கூடாது என்று இவள் சொல்லிவிட்டாள். போன தடவை அதில் மாட்டியது என் கால். எலிக்கூண்டு எதிர்வீட்டுக்கு இரவல் போய் இரண்டு தீபாவளி ஆகிறது. வேறு வழியில்லாமல் அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்தேன். 34 வருஷ குமாஸ்தா உத்தியோகத்தின் மிச்சம்: குண்டூசி, டேக், நூல்கண்டு, துருப்பிடித்த பஞ்சிங் மெஷின், ஓரம் தேய்ந்த மர அடி ஸ்கேல்.

ஸ்கேலை மேசை விளிம்பில் 8 அங்குலம் உள்ளே, 4 அங்குலம் வெளியே நீட்டி வைத்தேன். நுனியில் கடலை மிட்டாய்த் துண்டு, கவ்விக்கொண்டு ஓடாதபடி நூலால் கட்டி. கீழே குப்பைக்கூடை, ஏறி வராமலிருக்க உள்பக்கம் தேங்காய் எண்ணெய். மேசைக்கு ஏற பாக்ஸ் ஃபைல்களில் படிக்கட்டு. "மாமாவுக்கு மாடிப்படியில ஒரு கைப்பிடி வைக்கச் சொல்லி மூணு வருஷமாச்சு" என்றாள் இவள்.

வெள்ளோட்டம் பார்க்க வேண்டுமே. சுண்டெலி 20 கிராம் சொச்சம்தான். பத்து ரூபாய் நாணயம் மூன்று சேர்ந்தால் கிட்டத்தட்ட அதே எடை. எந்தக் கடையிலும் வாங்காத நாணயம், டப்பா நிறையக் கிடக்கிறது, முதல்முறையாகச் செல்லுபடியானது. நுனியில் வைத்ததும் ஸ்கேல் குப்புறக் கவிழ்ந்து, மூன்றும் கூடைக்குள்.

சாய்வு நாற்காலியிலிருந்து அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். "துண்டு சின்னதா இருக்குடா" என்றார்.

காலையில் கூடை காலி. ஸ்கேல் வைத்த இடத்திலேயே இருந்தது. மிட்டாயை மட்டும் காணோம். நூல் அறுந்திருக்கவில்லை. முடிச்சு பதமாக அவிழ்க்கப்பட்டு, நூல் ஸ்கேலைச் சுற்றி எட்டுப் போட்டுச் சுற்றி, நுனி உள்ளே செருகப்பட்டிருந்தது. ஃபைல் கட்டியே பழகிய கைக்குத்தான் அந்தச் சுற்று வரும்.

வெறும் வயிற்றில் சர்க்கரை 212. "மெஷின் ரிப்பேர் போல" என்றார் அப்பா.

எலி தின்றுவிட்டது என்று இவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ரசீதின் இடது மூலையும் இப்போது இல்லை.

எலிக்கு எள்ளுருண்டைதான் பிடிக்குமாம். அப்பா சொல்கிறார்.