மாப்ளைக்கு ஒரு பிஸ்டல்

டெக்சஸில் துப்பாக்கிக் கடைக்குள் நின்றுகொண்டு வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாத ஒன்று உண்டு: "என் ஃப்ரெண்டுக்காக வாங்க வந்திருக்கேன்." இதை மாப்ளைக்குப் புரிய வைக்க நான் பட்ட பாட்டுக்கு முன்னால், இரண்டு பிஸ்டலில் எது நல்லது என்று முடிவு செய்ததெல்லாம் ஒரு வேலையே இல்லை.

மாப்ளை என்றால் சொந்தமில்லை. மதுரையில் கூடப் படித்தவன். அவன் மனைவி என்னை அண்ணா என்பாள், நான் அவளைத் தங்கச்சி என்பேன். டாலஸுக்கு வடக்கே, ஊர் முடிந்து புல்வெளி தொடங்குகிற இடத்தில் புதுவீடு வாங்கிக் குடிபோனார்கள். இருட்டினால் வேலிக்குப் பின்னால் நரி போன்ற கொயோட்டிகள் ஊளையிடும். இரண்டு தெரு தள்ளி யாரோ கராஜைத் திறந்து சாமான்களை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள் என்று குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. அன்று இரவே எனக்கு ஃபோன்.

"நீதான் ஏற்கெனவே ஒண்ணு வச்சிருக்கியே மாப்ள. உன் பேர்லயே எனக்கும் ஒண்ணு வாங்கிடு. பணத்த ஜெல் ஆப்ல போட்டு விட்டுடறேன்."

அதற்குப் பெயர் உதவி இல்லை, குற்றம் என்றேன். கடையில் வாங்குகிறவர் நிரப்ப வேண்டிய 4473 படிவத்தில், 'இதை உண்மையில் வாங்குவது நீங்கள்தானா' என்று ஒரு கேள்வி இருக்கிறது. பொய் சொன்னால் 10 ஆண்டு வரை உள்ளே இருக்க நேரலாம். மாப்ளை நம்பவில்லை. "ரெண்டு பேருமே யோக்கியன்தானடா, யாருக்கு நஷ்டம்?" என்றான். சரியாக இதே வாதத்தோடு ஒருவர் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறார். விர்ஜினியாவில் அப்ராம்ஸ்கி என்ற முன்னாள் போலீஸ்காரர், போலீஸ் தள்ளுபடி கிடைக்கும் என்று 2009-ல் தன் அங்கிளுக்காக ஒரு கிளாக் 19 பிஸ்டல் வாங்கினார். அங்கிள் 400 டாலருக்குச் செக் அனுப்பி, எதற்கு என்ற இடத்தில் 'கிளாக் 19' என்று எழுதியும் வைத்தார். இருவருமே துப்பாக்கி வைத்திருக்கத் தகுதி உள்ளவர்கள். அப்படியும் 2014-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு அப்ராம்ஸ்கிக்கு எதிராகத்தான் வந்தது. சொந்தக் காசில் வாங்கிப் பரிசாகக் கொடுக்கலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் மாப்ளையின் கிரகப்பிரவேசத்துக்கே நான் கொடுத்தது ஒரு குக்கர்தான்.

கிரீன் கார்டு வந்த பிறகுதான் இந்தப் பேச்செல்லாம். எச்-1பி விசாக்காரர்கள் இங்கே துப்பாக்கி வைத்திருக்கப் பொதுவாகச் சட்டம் இடம் கொடுக்காது. ஒரு சந்து மட்டும் உண்டு: கையில் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விதிவிலக்கு. மாப்ளை அந்தக் காலத்திலேயே இதைப் படித்து வைத்திருந்தான். அவன் வீடு சுத்த சைவம். வேட்டை என்ற பேச்சு காதில் விழுந்ததும் ஊரிலிருந்து அவன் அம்மா வீடியோ காலில் வந்து கண்ணைக் கசக்க, அந்தச் சந்து அன்றைக்கே அடைபட்டது.

ஊரில் என்றால் 9 எம்.எம். பிஸ்டலைச் சாதாரண ஆள் கனவில்தான் பார்க்கலாம். அது தடை செய்யப்பட்ட ரகம். எங்கள் பக்கத்துப் பண்ணையார் ஒருவர் லைசென்ஸோடு ஒரு இரட்டைக் குழல் வைத்திருந்தார். ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைத் துணியில் சுற்றி ஸ்டேஷனில் ஒப்படைப்பார், முடிவு வந்ததும் திரும்ப வாங்கி வருவார். அது சுட்டு யாரும் பார்த்ததில்லை. இப்படி வளர்ந்தவனை, சுவரெல்லாம் துப்பாக்கி தொங்குகிற கடையில் கொண்டு போய் நிறுத்தினால் என்ன ஆவான்? மாப்ளை எக்ஸெல் ஷீட் ஆனான்.

ஷீட்டில் கடைசியாகத் தேறியவை இரண்டு. ஆஸ்திரியாவின் கிளாக் 19, செக் நாட்டின் சி.இசட். 75 காம்பாக்ட். இரண்டும் நடுத்தர அளவு, இரண்டுக்கும் குண்டு அதே 9 எம்.எம்., நீளம் ஏறக்குறைய பதினெட்டரை சென்டிமீட்டர். கிளாக்கின் மேகஸினில், அதாவது குண்டு நிரப்பும் பெட்டியில், 15 குண்டு, சி.இசட்.டில் 14. வித்தியாசம் உடம்பில்தான். கிளாக்கின் பிடியும் சட்டகமும் பாலிமர், ஒரு வகை பிளாஸ்டிக். மேகஸின் இல்லாமல் 600 கிராம் இருக்கும். சி.இசட். முழுக்க எஃகு, 900 கிராமுக்கு மேல்.

மாப்ளையின் மனசு சி.இசட். பக்கம். காரணம் ஷீட்டில் இல்லை. அவன் அப்பா ஜாவா மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர். மைசூரில் தயாரான அந்த வண்டியின் பூர்விகம் செக்கோஸ்லோவாக்கியா. சி.இசட். என்ற பெயரிலும் அங்கே மோட்டார் சைக்கிள் வந்தது. அதைச் செய்தது ஸ்ட்ராகொனிட்சே என்ற ஊரில் இருந்த ஆயுதத் தொழிற்சாலை. அதன் கிளையாகத்தான் 1936-ல் உஹெர்ஸ்கி பிராட் தொழிற்சாலை தொடங்கியது, இந்த பிஸ்டல் பிறந்த இடமும் அதுதான். இந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, "எங்கப்பா வண்டிக்கு ஒண்ணுவிட்ட தம்பிடா இது" என்று உருகினான். நான் என் பங்குக்கு, கிளாக் கம்பெனியை ஆரம்பித்த காஸ்டன் கிளாக் அதற்கு முன் திரைச்சீலைக் கம்பியும் கத்தியும் செய்துகொண்டிருந்தவர், துப்பாக்கியே வடிவமைத்திராத ஆள், அவருடைய முதல் பிஸ்டலை 1982-ல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்டது என்றேன். "கர்ட்டன் கம்பிக்காரன்" என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட்டான்.

சுட்டுப் பார்க்காமல் வாங்குவது வீண். உள்ளரங்க ரேஞ்சுகளில் இரண்டையும் வாடகைக்கு எடுத்துச் சுடலாம். தங்கச்சியும் வந்தாள். வேடிக்கை பார்க்க இல்லை, வீட்டில் ஒரு சாமான் வருகிறதென்றால் அதை இயக்கத் தெரியாமல் அவளால் இருக்க முடியாது. பயிற்சியாளர் முதலில் பாடம் எடுத்தார்: எல்லாத் துப்பாக்கியும் குண்டு நிரம்பியதாகவே நினை, அழிக்க விரும்பாத எதன் மீதும் குழாயைத் திருப்பாதே, குறி பார்க்கும்வரை விரல் ட்ரிக்கருக்கு வெளியே, குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார். மாப்ளை தலையாட்டியபடியே ஃபோனில் குறிப்பெடுத்தான்.

அவன் சி.இசட்.டை எடுத்துச் சுட்டான். எடை இருப்பதால் கையில் உதை குறைவு. அந்த ரகத்தில், பின்னால் இருக்கும் சுத்தியல் இறங்கிய நிலையில் தொடங்கினால், முதல் அழுத்து மட்டும் நீளமாகவும் கனமாகவும் இருக்கும், அடுத்தவை சின்னதாக, லேசாக இருக்கும். மாப்ளையின் முதல் குண்டு தாளின் ஓரத்தில் போய் விழுந்தது. மற்றதெல்லாம் ஒரு உள்ளங்கை அளவுக்குள் அடங்கின. காதுமூடியைக் கழற்றாமலே "ஜாவா! ஜாவா!" என்று கத்தினான். பக்கத்து லேன்காரர் தன்னை ஏதோ சொல்கிறான் என்று திரும்பிப் பார்த்தார்.

அப்புறம் தங்கச்சி. கிளாக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுக்கு சுவிட்சே இல்லையாண்ணா? மிக்ஸிக்கே மூடி சரியா உக்காரலைன்னா ஓடாது." நியாயமான கேள்விதான். கிளாக்குக்குப் பக்கத்தில் தனி பூட்டு கிடையாது. ட்ரிக்கருக்குள்ளேயே ஒரு சின்ன நாக்கு இருக்கிறது, விரல் அதைச் சேர்த்து அழுத்தினால்தான் வேலை நடக்கும். கீழே விழுந்தால் வெடிக்காது; அழுத்தினால் கண்டிப்பாக வெடிக்கும். சி.இசட்.டில் கட்டைவிரலுக்கு எட்டும்படி பூட்டு இருக்கிறது. அது அவளுக்குப் பிடித்தது. பூட்டைத் திறந்தாள், முதல் குண்டை ஏற்ற மேல் பாகமான ஸ்லைடைப் பின்னால் இழுக்கப் போனாள். வரவில்லை. இந்த ரகத்தில் ஸ்லைடு சட்டகத்துக்கு உள்பக்கமாக ஓடுகிறது. குறி நிலையாக இருக்க நல்ல ஏற்பாடுதான், ஆனால் விரல் பிடிக்க வெளியே கொஞ்சம் இடம்தான் மிச்சம். மறுபடி இழுத்தாள், வழுக்கியது. பயிற்சியாளர் வேறு விதமாகச் சொல்லிக்கொடுத்தார்: ஸ்லைடை இடக்கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் துப்பாக்கியை முன்னால் தள்ளு. கிளாக்கில் அது சட்டென்று நடந்தது. சி.இசட்.டில் அப்போதும் இல்லை. இதற்குள் மாப்ளையின் சட்டைக் காலருக்குள் ஒரு சூடான காலி தோட்டா விழுந்து அவன் ஆடிய ஆட்டத்தில் சிறிது நேரம் போய்விட்டது.

கை என்ன சொல்கிறதோ அதுதான் பிஸ்டல், மற்றதெல்லாம் விளம்பரம் என்பது என் கட்சி. ஆனால் இங்கே இரண்டு ஜோடிக் கைகள் இரண்டு விதமாகச் சொல்லின. மாப்ளை உடனே, "ரெண்டையும் வாங்கிடறேன்" என்றான். ஐந்து வேலை நாட்களுக்குள் ஒரே ஆள் ஒன்றுக்கு மேல் கைத்துப்பாக்கி வாங்கினால் கடைக்காரர் தனியாக ஒரு அறிக்கை எழுதி அரசுக்கு அனுப்ப வேண்டும் என்று சொன்னேன். தப்பொன்றும் இல்லை, நடைமுறைதான். அரசுக்குத் தன் பெயரில் தனியாக ஒரு காகிதம் போகும் என்று கேட்டதும் மாப்ளையின் முகம் வெளிறியது. கிரீன் கார்டுக்காக இத்தனை வருஷம் காத்திருந்தவனுக்குக் காகிதம் என்றாலே வயிற்றைக் கலக்கும்.

"ராத்திரி சத்தம் கேட்டா முதல்ல யாரு முழிப்பா?" என்றாள் தங்கச்சி. புகை அலாரம் அலறியபோதும் குறட்டை விட்டவன் அவன். ஆக, கிளாக்.

கடையில் பெரியவர் ஒருவர் வெள்ளைத் தாடியோடு பொறுமையாக எடுத்துக் காட்டினார். மாப்ளை படிவத்தில் உட்கார்ந்தான். பெயரில் இனிஷியல் மட்டும் இருந்தால் பக்கத்தில் 'ஐ.ஓ.' என்று எழுது, நடுப்பெயர் இல்லாவிட்டால் 'என்.எம்.என்.' என்று எழுது என்று அதிலேயே போட்டிருக்கிறது. நம் ஊர்க்காரர்களுக்கு இவ்வளவு பரிவான படிவத்தை நான் அமெரிக்காவில் வேறெங்கும் பார்த்ததில்லை. எடை என்ற இடத்தில் மாப்ளை ஒரு எண்ணை எழுத, தங்கச்சி தொண்டையைச் செருமினாள். திருத்தினான்.

அப்புறம்தான் பெரியவர் டிரைவிங் லைசென்ஸைப் பார்த்தார். அதில் பழைய அபார்ட்மென்ட் முகவரி. இப்போதைய முகவரி உள்ள அரசு அடையாளம் இல்லாமல் விற்க முடியாது, கார் ரெஜிஸ்ட்ரேஷன் புது முகவரியில் இருந்தாலும் போதும் என்றார். அதுவும் பழையது. வீடு மாறி 30 நாளுக்குள் லைசென்ஸை மாற்ற வேண்டும் என்பது டெக்சஸ் விதி. தங்கச்சி மட்டும் மாற்றியிருந்தாள். மாப்ளை நல்ல தெளிவான ஆங்கிலத்தில், கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னான்: "பரவாயில்லை, இவள் பெயரில் போடுங்கள், எனக்காக."

பெரியவர் பெட்டியை மூடினார். கிளாக் கண்ணாடிக்குள் திரும்பிப் போனது. "இன்றைக்கு உங்களில் யாருக்கும் இல்லை, சார்" என்றார், கோபமே இல்லாமல். அவர் செய்ததுதான் சரி.

லைசென்ஸ் மாறி வந்ததும் மறுபடி போனோம். இந்த முறை காரில் அவனை ஒத்திகை பார்க்க வைத்தேன். யாருக்கு? எனக்கு. யார் பணம்? என் பணம். பின்னணிச் சோதனையில் 'காத்திருக்கவும்' என்று பதில் வந்தது, வேலை நாட்கள் சில கழிந்து 'சரி' என்றும் வந்தது. அந்த நாட்களில் மாப்ளை எனக்கு அடித்த ஃபோன்களைப் பற்றி இங்கே எழுத விருப்பமில்லை.

இப்போது கிளாக் வீட்டில் இருக்கிறது. வீட்டில் ஆறு வயதுப் பிள்ளை. குண்டு நிரப்பிப் பூட்டாமல் வைத்து, அது பிள்ளை கைக்குப் போனால் டெக்சஸில் அதுவும் குற்றம். எனவே கைரேகை சேஃபா, எண் சேஃபா என்று மாப்ளை புது எக்ஸெல் ஷீட் திறந்திருக்கிறான். அது முடிகிறவரை, கடையில் கூடவே கொடுத்த கேபிள் பூட்டை மாட்டி, தங்கச்சியின் நகை லாக்கருக்குள் வைத்திருக்கிறார்கள். சாவி அவளிடம். திருடன் வந்தால் மாப்ளை முதலில் அவளைக் கேட்க வேண்டும். அவள் முதலில் அவனை எழுப்ப வேண்டும்.