ஆறு சக்கரமும் தரை தொட்டது

நேற்று இரவு பதினொன்றே கால் மணிக்கு ஆறாவது சக்கரத்துக்கு அடியிலும் பஸ் டிக்கெட் நுழையாமல் நின்றது. ஐந்து வாரமாக இதற்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். சமையலறை கிரானைட் மேடையில் கண்ணாடித் துண்டு, அதன் மேல் பெரியப்பாவின் டிரெல் பி34, அதாவது எழுபதுகளில் ஓடிய ஆறு சக்கர ஃபார்முலா ஒன் பந்தயக் காரின் பிளாஸ்டிக் மாடல். ஒவ்வொரு சக்கரமாக டிக்கெட்டின் ஓரத்தை நீட்டினேன். ஆறிலும் முட்டி மடங்கியது. நம்பிக்கை வராமல் காரைத் திருப்பி வைத்தேன். கண்ணாடியையும் புரட்டிப் போட்டேன். அப்போதும் அப்படியே. தூங்கிக்கொண்டிருந்த மனைவியை எழுப்பிக் காட்டிவிட்டுத்தான் படுத்தேன்.

பாகம் பாகமாக ஒட்டிக் கட்டும் கிட், ஜப்பானின் டாமியா கம்பெனியுடையது; அளவு 1/12, நிஜக் காரில் பன்னிரண்டில் ஒரு பங்கு. முடித்தால் ஒரு அடிக்கு மேல் நீளம் வரும். பெரியப்பா சரக்குக் கப்பலில் இன்ஜினியராக இருந்தவர். எண்பதுகளில் யோகோஹாமாவில் வாங்கி, பயணத்துக்குப் பயணம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியிருக்கிறார். வழிமுறைத் தாளில் முடித்த படிகளுக்கு நேராகப் பென்சிலில் டிக் போட்டு, பக்கத்தில் அன்றைக்குக் கப்பல் நின்ற துறைமுகத்தின் பெயரையும் எழுதியிருக்கிறார்: கோபே, சிங்கப்பூர், கொழும்பு, ஏடன். கடைசி டிக்குக்குப் பக்கத்தில் மெட்ராஸ். விடுமுறையில் வீட்டுக்கு வந்தவர் அதற்கப்புறம் பெட்டியைத் திறக்கவில்லை. போன பொங்கலுக்கு அடையாறு வீட்டுக்குப் போனபோது பரணிலிருந்து இறக்கச் சொன்னார். "கை நடுங்குதுப்பா. நீதான் இதெல்லாம் பண்றியே, முடிச்சுடு" என்று கையில் கொடுத்தார்.

உள்ளே இன்ஜின் முடிந்திருந்தது. மோனோகாக், அதாவது டிரைவர் உட்காரும் நடுக்கூடு, ஒட்டியிருந்தது. முன் சஸ்பென்ஷன் நாலு சக்கரத்துக்கும் ஒட்டி முடிந்திருந்தது. மூக்குக்கும் பக்கப் பாடிக்கும் பிரஷ்ஷால் எனாமல் அடித்திருந்தார். மீதி எல்லாம் ஸ்ப்ரூவிலேயே, பாகங்கள் வார்த்து வரும் சட்டத்திலிருந்து வெட்டாமலே. வினைல் குழாய்ப் பொட்டலம் இத்தனை வருடமும் பின் விங் மேல் கிடந்ததில், வினைலிலிருந்து கசிந்த எண்ணெய் பிளாஸ்டிக்கைத் தின்று நூல் நூலாகப் பள்ளம் விழுந்திருந்தது. பழைய கிட் வைத்திருப்பவர்கள் டயரையும் குழாயையும் இன்றைக்கே தனிக் கவரில் போட்டு வையுங்கள்.

இன்ஜினை நான் தொடவில்லை, தொடப்போவதும் இல்லை. 2,993 சிசி காஸ்வொர்த் டி.எஃப்.வி. வி8. உலோக பெயிண்ட்டில் பிரஷ் கோடு தெரிகிறது, தெரியட்டும். கிட்டில் வந்த குழாய் தடிமனாக இருந்ததாம். கப்பல் எலக்ட்ரிக்கல் அறையிலிருந்து எனாமல் செப்புக் கம்பி எடுத்து, எட்டு சிலிண்டருக்கும் பெட்ரோல் லைனைத் தானே வளைத்திருக்கிறார். எட்டு வளைவும் ஒரே அளவு. ஆடுகிற கப்பலில் உட்கார்ந்து செய்த வேலை அது. அதைச் சுரண்டிவிட்டு ஏர்பிரஷ்ஷில் பளபளவென்று அடிப்பதற்குப் பெயர் சீரமைப்பு இல்லை.

பாடி பெயிண்ட்டை டாட் 3 பிரேக் ஆயிலில் ஒரு ராத்திரி ஊற வைத்து, பழைய டூத்பிரஷ்ஷாலும் பாத்திரம் தேய்க்கும் சோப்பாலும் எடுத்தேன். கையுறை அவசியம். மிஞ்சிய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் மெக்கானிக் கடையில் கழிவு ஆயிலோடு சேர்த்துவிட்டேன். இதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

சிக்கலெல்லாம் முன் சக்கரங்களில். இந்தக் காருக்கு முன்னால் 10 இன்ச் சக்கரம் நாலு, பின்னால் வழக்கமான பெரிய சக்கரம் இரண்டு. வடிவமைத்த டெரக் கார்ட்னர், சின்னச் சக்கரங்களை மூக்கின் அகலத்துக்குள் ஒளித்துக் காற்றுத் தடையைக் குறைக்கப் பார்த்தார். இரண்டு ஜோடியும் சேர்ந்து திரும்பும். கிட்டிலும் திரும்ப வேண்டும். சக்கரங்களைத் தற்காலிகமாக மாட்டிக் கண்ணாடி மேல் வைத்தேன். இரண்டாம் ஜோடியின் வலது சக்கரம் அந்தரத்தில் நின்றது. வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்ததில் 1.2 மி.மீ. நிஜக் காருக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஒன்றரை சென்டிமீட்டர். அலமாரியில் வைத்தால் முதலில் கண்ணில் உறுத்துவது அதுதான்.

நிஜக் காரையும் படுத்தியது இதே நாலு சக்கரங்கள்தான். நாலு டயர் தரையைப் பிடித்தால் பிரேக் பிரமாதமாக இருக்கும் என்பது திட்டம். ஆனால் நாலில் ஒன்று சுழலாமல் லாக் ஆனாலும் பிரேக்கிலிருந்து டிரைவர் காலை எடுக்க வேண்டியிருந்தது. 1976 ஜூன் 13 அன்று ஸ்வீடனில், ஆண்டர்ஸ்டார்ப் பந்தயத்தில் இந்தக் காரில் ஜோடி ஷெக்டர் என்ற டிரைவர் முதலாவதாகவும் அவர் அணியின் பேட்ரிக் டெபாயே இரண்டாவதாகவும் வந்தார்கள். ஃபார்முலா ஒன்னில் ஆறு சக்கரக் கார் ஒன்று ஜெயித்தது அந்த ஒரு தடவைதான். சின்ன டயரை மேம்படுத்தும் வேலை பின்தங்கியதில் 1977-ஓடு கதை முடிந்தது. என் மேஜையில் அந்தச் சக்கரம் அந்தரத்தில் நிற்கும்போதெல்லாம் கார்ட்னரை நினைத்துக்கொள்வேன்.

முதலில் சந்தேகப்பட்டது ஷாக் அப்சார்பரை. ஸ்பிரிங்குக்குள் க்ளூ இறங்கித் தண்டு அசையாமல் இறுகியிருந்தது. கீழே அப்ரைட்டும், அதாவது சக்கரத்தைத் தாங்கும் துண்டும், கோணலாக ஒட்டியிருந்தது. டியூப் க்ளூ பழசானால் குளிரில் நொறுங்கும். அப்படிப் பல ஒட்டு என்னிடம் சுலபமாக விட்டிருக்கிறது. டிபன் பாக்ஸில் வைத்து ஃப்ரீசரில் மூன்று ராத்திரி. ஒன்றும் நடக்கவில்லை. பெரியப்பா தாராளமாக வைத்த க்ளூ இரண்டு பக்கப் பிளாஸ்டிக்கையும் கரைத்து ஒரே துண்டாக்கியிருந்தது. அறுப்பது ஒன்றுதான் வழி.

ரேசர் ரம்பம் இங்கே ஆகாது. தடிமன் அதிகம், சக்கரத்தை உடலோடு இணைக்கும் விஷ்போன் கைகளுக்கு நடுவில் விரலும் நுழையாது. சௌகார்பேட்டையில் நகைப் பட்டறைச் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். 8/0 நம்பர் பிளேடு, தடிமன் 0.16 மி.மீ., தலைமுடியைப் போல இரண்டு மடங்குதான் தடிப்பு. "தங்கமா, வெள்ளியா?" என்று கேட்டார் கடைக்காரர். பிளாஸ்டிக் என்றதும் பிளேடை ஒரு முறை பார்த்துவிட்டு, "தேன்மெழுகு தடவிக்கிட்டு அறுங்க சார், அவசரப்படாதீங்க" என்றார். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த மிக நல்ல யோசனை அதுதான்.

அறுப்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பிளேடை வில்லில் மாட்டாமல், மூன்று சென்டிமீட்டர் துண்டாக உடைத்து, பின் வைஸ் என்கிற சின்னக் கைப்பிடியில் பிடித்துக்கொண்டேன். இழுக்கும்போது மட்டும் வெட்டும்படி பல் என் பக்கம். பத்து இழுப்பு, நிறுத்தம், ஊதல், மறுபடி மெழுகு. தூசி மாவு போல உதிர்ந்தால் சரியாகப் போகிறது. திரி திரியாகச் சுருண்டு வந்தால் பிளாஸ்டிக் சூடாகி இளகுகிறது என்று அர்த்தம். உடனே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் அறுத்த இடமே பின்னால் திரும்ப ஒட்டிக்கொள்ளும். எனக்கு ஒரு தடவை ஒட்டியும்விட்டது. ஒரு மூட்டுக்கு ஒன்றரை மணி நேரம், மொத்தம் நாலு மூட்டு. பதினோரு பிளேடு போயிற்று. டஜன் கணக்கில் வாங்குங்கள்.

எல்லாம் விடுபட்ட பிறகு அந்த வலது சக்கரத்தை இறக்கி ஒட்டினேன். கண்ணாடியில் வைத்தேன். இப்போது முதல் ஜோடியின் இடது சக்கரம் 0.7 மி.மீ. தூக்கியது.

அன்றைக்கு எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். மறுநாள் ரயிலில் போகும்போதுதான் விஷயம் உறைத்தது. முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது, நாற்காலிதான் காலைத் தூக்கும். இதற்கு ஆறு கால். மூன்று கால் தரையை முடிவு செய்துவிட்டால் மற்ற மூன்றும் அதற்கு ஒத்துப்போக வேண்டும். ஒன்றை இறக்கினால் இன்னொன்று ஏறும். அப்படியானால் கோளாறு சக்கரத்தில் இல்லை, அடியில் இருக்கிறது. சாயங்காலம் வந்ததும் மோனோகாக்கை மட்டும் கண்ணாடியில் வைத்துத் தட்டினேன். டக் டக் என்று ஆடியது. ஒட்டும்போது ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கியிருக்கிறார். க்ளூ காய்வதற்குள் அது முறுக்கிவிட்டிருக்கிறது.

இன்ஜினை அவர் இன்னும் மோனோகாக்கோடு சேர்க்காதது என் அதிர்ஷ்டம். வெந்நீர் வைத்தியம் செய்தேன். கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் 100 டிகிரியை நெருங்கும்போது இளகும்; கொதிக்கிற தண்ணீரை நேரே ஊற்றினால் வடிவமே போய்விடும். அதனால் 75 டிகிரி, தெர்மாமீட்டர் வைத்து. இரண்டு நிமிடம் முக்கி, எதிர்த்திசையில் முறுக்கிப் பிடித்து, அப்படியே குளிர்ந்த தண்ணீருக்குள். முதல் தடவை போதவில்லை. இரண்டாவது தடவை அந்தப் பக்கம் போய்விட்டது. மூன்றாவது தடவை டிக்கெட் நுழையவில்லை. மேலே இன்னொரு கண்ணாடி, அதற்கு மேல் ஐந்து கிலோ அரிசிப் பை, விடியும் வரை. அரிசிப் பை நல்ல எடை. எந்த மேட்டிலும் படிந்து உட்காரும், ஒரே இடத்தில் அழுத்தாது.

கடைசி ஒட்டுக்கு சூப்பர் க்ளூவைத் தொடவில்லை. மூட்டுக்கு மூட்டு 0.5 மி.மீ. துளை போட்டுப் பித்தளைக் கம்பி சொருகினேன். துளையைக் கொஞ்சம் தளர்த்தியே போட்டு, மெதுவாக இறுகும் எபாக்சி வைத்தேன். அரை மணி நேரம் அவகாசம் கிடைக்கும். அது இறுகுவதற்குள் ஆறு சக்கரத்தோடும் காரைக் கண்ணாடி மேல் நிறுத்தி, சின்ன அரிசிப் பொட்டலம் ஒன்றை மோனோகாக் மேல் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட்டேன். அளவு பார்த்து ஒட்டுவதை விட்டுவிட்டு, சக்கரம் தரையைத் தானே தேடி உட்கார விட வேண்டும். கண்ணாடி முடிவு செய்யட்டும். ஐந்து வாரம் முன்னால் இது தெரிந்திருந்தால் நாலு பிளேடோடு முடிந்திருக்கும்.

சாமான் பற்றி இரண்டு வார்த்தை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நைனியப்ப நாயக்கன் தெருவில் லிட்டராகவே கிடைக்கும். பொம்மைக் கடை பாட்டிலுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். மீதி வயர் வேலைக்கு ரிச்சி தெருவில் மெல்லிய சிலிக்கான் வயர் வாங்கி வைத்திருக்கிறேன், கிட்டின் குழாய் கல்லாகிவிட்டது. லாக்கர் பெயிண்ட்தான் பெரும்பாடு. தீப்பிடிக்கும் சரக்கு என்பதால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். உள்ளூரில் இருப்பு வந்தால் உடனே வாங்கிவிட வேண்டும். ஹார்டுவேர் கடை என்.சி. தின்னரைக் கலந்து அடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: என் பழைய லோட்டஸ் கார் மாடல் ஒன்றின் பாடி அதில் தோலுரிந்து போயிற்று.

காருக்கு நீலம் அடிக்கும் நாளை இப்போதே பார்த்து வைத்திருக்கிறேன். லாக்கர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும். நம் ஊர்க் காற்றிலிருக்கும் ஈரம் அதில் படிந்து வெள்ளையாகப் பூத்துவிடும். புதுப்பேட்டையில் நிஜக் கார் பெயிண்டர்களும் மழைநாளில் இதற்காகத்தான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வேளச்சேரி வீட்டு பால்கனியில் ஈரப்பத மீட்டர் வைத்து ஒரு மாதமாகக் குறித்து வருகிறேன். காலை பதினோரு மணியிலிருந்து கடல்காற்று ஏறும் வரை உள்ள இரண்டு மணி நேரம்தான் நல்லது. மெதுவாகக் காயவைக்கும் ரிடார்டர் சேர்ந்த தின்னர், கம்ப்ரசர் டேங்கில் தண்ணீர் வடித்த பிறகு, மெல்லிய பூச்சாக நாலு. ஐப்பசி அடைமழைக்கு முன்னால் முடியாவிட்டால் தை வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பழசாகி மஞ்சளடித்த டீகலை (காரின் எண், எழுத்து ஒட்டும் தாள்) ஜிப் கவரில் போட்டு மேற்குப் பக்க ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறேன். பத்து நாள் வெயிலில் பாதி வெளுத்திருக்கிறது. காருக்கு எந்தப் பந்தய எண்ணைப் போடுவது என்பதில் வீட்டில் இரண்டு கட்சி. ஜெயித்தது ஷெக்டர், அதனால் 3 என்பது என் கட்சி. பெரியப்பா போனில் 4 என்கிறார்: "பந்தயத்துல அதை முதல்ல ஓட்டினது டெபாயேதானேப்பா, ஸ்பெயின்ல." அது உண்மை. கிட் அவருடையது. 4-தான்.

அடுத்து அதே அளவில் ஹோண்டா ஆர்.ஏ.273 ஒன்று பாதி கட்டின நிலையில் விலைக்கு வந்திருக்கிறது. படத்தை நாலு தடவை பார்த்துவிட்டேன். அதற்கு நாலே சக்கரம்.

இன்று காலை ஸ்டீயரிங்கை முழுதாக வளைத்துப் பார்த்தேன். வலப்பக்கம் தடையில்லாமல் போகிறது. இடப்பக்கம் கடைசி இரண்டு மில்லிமீட்டரில் இரண்டாம் ஜோடியின் இடது ரிம், கீழ் விஷ்போனில் உரசுகிறது. எபாக்சி அங்கே ஒரு சொட்டு வழிந்து இறுகியிருக்க வேண்டும். பிளேடு ஒன்று மிச்சம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதைச் சுரண்டிவிட்டு பிரைமர்.