பிரிண்டர் வாங்கப் போகிறீர்களா, முதலில் மூடியைத் திறந்து கண்ணாடியைப் பாருங்கள்

வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்களிடம் "ஆல் இன் ஒன் வாங்கினீங்களே, எப்படி இருக்கு" என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்துக்கு எத்தனை பைசா ஆகிறது, கலர் எப்படி வருகிறது, வைஃபையில் போனிலிருந்து போகிறதா, இதைத்தான் சொல்வார்கள். அதே மெஷினில் இருக்கிற ஸ்கேனரைப் பற்றி ஒரு வார்த்தை வராது. சாப்பாட்டோடு வைக்கிற ஊறுகாய் மாதிரி அது பாட்டுக்குக் கூட வருகிறது என்று நினைப்பு. செங்கோட்டையில் உட்கார்ந்து நான் பார்க்கிற வேலைக்கு அந்த ஊறுகாய்தான் சாப்பாடே.

என் வேலை என்னவென்றால் ஜி.எஸ்.டி. கணக்கு, புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போகிற லோடுகளுக்கு பில்லும் ஈ-வே பில்லும் (சரக்கோடு வண்டியில் போக வேண்டிய ஜி.எஸ்.டி. சீட்டு), அப்புறம் பழைய பத்திரங்களை ஸ்கேன் செய்து வக்கீலுக்கோ பேங்குக்கோ அனுப்பிக் கொடுப்பது. கடைசியாகச் சொன்னது சின்ன வேலை மாதிரி தெரியும். ஆனால் 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரைக்கும் இந்த ஊர் திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர். மூலப்பத்திரம் என்று டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தால் திருவிதாங்கூர் சங்கு முத்திரை, கொல்லம் ஆண்டு, மலையாள எழுத்து எல்லாம் சேர்ந்து வரும், நாலாக மடித்த மடிப்பிலேயே எழுத்து தேய்ந்திருக்கும். புனலூரிலோ கொல்லத்திலோ இருக்கிற வக்கீல் ஒருவர் அதைப் போனில் படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்லியாக வேண்டும். அவருக்கு ஓர் எழுத்து மங்கினாலும் "சாரே, ஒண்ணுகூட அயக்கு", அதாவது இன்னொரு தடவை அனுப்புங்கள் என்று மெசேஜ் வந்துவிடும்.

சரி, இப்போது கண்ணாடிக்கு வருவோம். வீட்டு உபயோகத்துக்கு விற்கிற மெஷின்களில் பெரும்பாலானவற்றின் கண்ணாடி 216 மில்லிமீட்டர் அகலம், 297 மில்லிமீட்டர் நீளம். ஏ4 தாளுக்கு அளவெடுத்தது. நம் பத்திரங்களில் பெரும்பாலானவை லீகல் சைஸ், அதாவது 356 மில்லிமீட்டர் நீளம். கிட்டத்தட்ட ஆறு சென்டிமீட்டர் வெளியே நிற்கும், அந்த ஆறு சென்டிமீட்டரில்தான் பெரும்பாலும் கையெழுத்தும் கைரேகையும் இருக்கும். கடையில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் யாரும் கேட்பதில்லை. பெட்டியில் 'லீகல்' என்று போட்டிருக்கும், நிஜம்தான், ஆனால் அது பிரிண்ட் எடுக்கிற தாளின் அளவு. ஸ்கேன் அளவு தனியாக, விவரக் குறிப்பின் கீழ்க்கோடியில் பொடி எழுத்தில் இருக்கும்.

இதற்கு வழி, மேலே தாள் அடுக்கி வைத்தால் தானாக இழுத்து ஸ்கேன் செய்கிற ஏ.டி.எஃப். உள்ள மாடல். கண்ணாடி ஏ4 அளவில் இருந்தாலும் ஏ.டி.எஃப். லீகல் நீளத்தை வாங்கிக்கொள்ளும் மெஷின்கள் நிறைய உண்டு. ஆனால் எல்லாமே அப்படி இல்லை, அதையும் விவரக் குறிப்பில் தேடித்தான் பார்க்க வேண்டும். புதுப் பத்திரம், பேங்க் பேப்பர், பில் கட்டு என்றால் இதில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம். ஐம்பது வருஷத்துப் பத்திரத்தை மட்டும் தயவுசெய்து இதில் விடாதீர்கள், உருளை இழுக்கிற இழுப்பில் மடிப்போடு கிழிந்து வரும், அப்புறம் அந்தக் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்வது. பழசை எல்லாம் கண்ணாடியில் வைத்து மேல் பாதி ஒரு தடவை, கீழ்ப் பாதி ஒரு தடவை, நடுவில் நாலு வரி இரண்டிலும் வருகிற மாதிரி எடுத்து ஒரே பி.டி.எஃப். ஆக்கிவிடுவேன். வக்கீல்களுக்கு இது பழக்கம்தான்.

ஏ.டி.எஃப்.-இல் இன்னொரு தந்திரம் நடக்கிறது. 'டூப்ளெக்ஸ்' என்று பெரிதாகப் போட்டிருந்தால் இரண்டு பக்கமும் தானாக ஸ்கேன் ஆகும் என்று நினைத்து வாங்குகிறார்கள். பல மாடல்களில் அது பிரிண்டுக்கு மட்டும். ஸ்கேனும் இரண்டு பக்கம் எடுக்கிற மெஷினுக்கு விலை ஒரு படி மேலே போய்விடும். மாதத்துக்கு ஒரு கட்டு பார்க்கிறவர்களுக்கு அது தேவையில்லை என்பது என் அபிப்பிராயம், கட்டைத் திருப்பிப் போட்டு இன்னொரு முறை எடுத்தால் ஆயிற்று, பக்கங்களை மாற்றி மாற்றிக் கோர்க்க இலவச மென்பொருளே இருக்கிறது.

கண்ணாடிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதையும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த மெஷின்களில் இருப்பது சி.ஐ.எஸ். என்கிற மெல்லிய சென்சார் பட்டை. தாள் கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தால் துல்லியமாக எடுக்கும், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூக்கி நின்றாலே மங்கிவிடும். மடிப்பு விழுந்த பத்திரம், தடிமனான பைண்டு போட்ட கணக்குப் புத்தகம், இரண்டிலும் நடுப்பகுதி கறுத்து மங்கலாக வருவது இதனால்தான். பழைய கனமான ஸ்கேனர்களில் இருந்த சி.சி.டி. சென்சாருக்கு ஆழம் அதிகம், மேடு பள்ளத்தையும் பிடிக்கும், ஆனால் ஆல் இன் ஒன்னில் இப்போது அதைத் தேடி அலைவது வீண். பத்திரத்தை முதல் நாள் ராத்திரியே கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்துவிட்டு, ஸ்கேன் ஓடும்போது மூடியைக் கையால் மெதுவாக அழுத்திப் பிடித்தால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

டி.பி.ஐ., அதாவது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்கிற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 1200, 2400, 4800 என்று என்ன போட்டிருந்தாலும் எழுத்து வேலைக்கு 300 போதும். ஏ4 தாள் 300-இல் 2480-க்கு 3508 புள்ளிகள் வரும், தமிழோ மலையாளமோ எழுத்தை உரையாக மாற்றுகிற ஓ.சி.ஆர். மென்பொருளுக்கும் அதுவே சரியான அளவு. 600 வைத்தால் நாலு மடங்கு கனமாகி, அரசாங்க இணையதளத்தில் ஏற்றவே முடியாது. ஜி.எஸ்.டி. பதிவில் உரிமையாளர் போட்டோவுக்கே 100 கே.பி.தான் அனுமதி, இடத்துக்கான ஆதாரம் மாதிரி பெரிய ஆவணத்துக்கும் ஓரிரு எம்.பி.க்குள்தான் வரம்பு. கனத்தைக் குறைக்கிறேன் என்று சுத்தக் கறுப்பு வெள்ளையில் மட்டும் எடுத்துவிடாதீர்கள். ஊதா மை முத்திரை, சங்குப் படம், பென்சிலில் எழுதிய சர்வே நம்பர் எல்லாம் அதில் காணாமல் போய்விடும். கலரில் எடுத்து பிறகு சுருக்குவதுதான் சரி.

ஏ.டி.எஃப்.-இல் எடுத்த எல்லாப் பக்கத்திலும் மேலிருந்து கீழாக ஒரே கோடு விழுந்தால் மெஷின் போய்விட்டது என்று சர்வீஸுக்குத் தூக்காதீர்கள். பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் விரல் அகலத்தில் ஒரு சின்னக் கண்ணாடிப் பட்டை இருக்கும், ஒரு தூசியோ ஒரு சொட்டு ஒயிட்னரோ அதில் ஒட்டியிருக்கும். துணியால் துடைத்தால் கோடு போயிடும்.

இனி பிரிண்டுக்கு வருகிறேன். எந்த ஈ-சேவைக் கடைக்குள் போனாலும் அந்த ஹெச்.பி. எம்1005 லேசர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 12ஏ டோனர், யு.எஸ்.பி. கேபிள் மட்டும், வைஃபை கிடையாது, ஏ.டி.எஃப். கிடையாது, ஆனாலும் ஓடிக்கொண்டே இருக்கும். லேசரில் ஒரு பெரிய நிம்மதி, பத்து நாள் தொடாமல் வைத்திருந்தாலும் காய்ந்து போக அதில் மை இல்லை, டோனர் வெறும் பொடி. மழையில் நனைந்தாலும் எழுத்து கலையாது. எப்போதாவது மட்டும் பிரிண்ட் எடுக்கிறவர்களுக்கு, அதுவும் கறுப்பு மட்டும் போதும் என்றால், நான் லேசரைத்தான் சொல்வேன்.

அப்புறம் ஏன் என் மேஜையில் பாட்டிலிலிருந்து மை ஊற்றுகிற இங்க் டேங்க் இருக்கிறது? கரண்டுதான் காரணம். ஆடிக் காற்றில் இந்த ஆர்யங்காவுக் கணவாய்ப் பக்கம் மரக்கிளை கம்பியில் விழாத வாரம் இல்லை, வேலை எல்லாம் இன்வெர்ட்டரில் ஓடும். லேசர் மெஷின் டோனரைத் தாளில் உருக்கிப் பதிக்க ஒரு உருளையை ஏறக்குறைய 200 டிகிரிக்குச் சூடேற்றுகிறது, அந்த நேரத்தில் சில நூறு வாட் ஒரே மூச்சில் இழுக்கும். சின்ன யு.பி.எஸ்.-இல் மாட்டாதீர்கள் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். இங்க் டேங்க் பிரிண்ட் எடுக்கும்போதும் பத்துப் பதினைந்து வாட்டோடு சரி. லாரி வாசலில் நிற்கிறது, கரண்ட் இல்லை, பில் வேண்டும் என்கிற நேரத்தில் எது உதவும் என்று சொல்லத் தேவையில்லை.

பக்கக் கணக்கைக் கடையில் சொல்லும்போது ஒன்று கவனியுங்கள். எப்சன் எல்3250 மாதிரி மாடலில் கறுப்பு பாட்டில் 4,500 பக்கம், கலர் 7,500 பக்கம் என்று போட்டிருக்கும். அது சோதனைக்கென்று வைத்திருக்கிற தாள்களை வைத்துப் போட்ட கணக்கு, முதல் பாட்டிலில் ஒரு பங்கு குழாய்களை நிரப்பவே போய்விடும். வேகத்திலும் அப்படித்தான், நிமிஷத்துக்கு 33 பக்கம் என்பது டிராஃப்ட் வேகம், உண்மையில் பார்க்க வேண்டிய எண் அதற்குப் பக்கத்திலேயே சின்னதாக இருக்கிற 10. அப்படியே இருந்தாலும் பக்கத்துக்குப் பைசாக் கணக்குதான் ஆகும். விலை மலிவு என்று கார்ட்ரிட்ஜ் மாடலை மட்டும் வாங்கி விடாதீர்கள், இரண்டு மூன்று முறை கார்ட்ரிட்ஜ் மாற்றினால் பிரிண்டர் விலையே வந்துவிடும்.

ஆனால் மை என்ன வகை என்பது எங்கள் ஊருக்குப் பைசாவைவிட முக்கியம். டை மை தண்ணீரில் கரையும், பிக்மென்ட் மை பெரும்பாலும் நிற்கும். எல்3250-இல் போடுகிற 003 மை நாலு நிறமும் டை. கேனன் ஜி வரிசை, ஹெச்.பி. ஸ்மார்ட் டேங்க் இரண்டிலும் பெரும்பாலான மாடல்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட். போட்டோ எடுக்கிறவர்களுக்கு டை அழகு, அதை மறுக்கவில்லை. ஆனால் ஜூன் தொடங்கி குற்றாலச் சாரல் இங்கே எந்த நேரமும் முகத்தில் அடிக்கும், டிரைவர் பில்லைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு புளியரை செக்போஸ்டில் இறங்குவார், ஈ-வே பில்லின் க்யூ.ஆர். கட்டம் கலைந்திருந்தால் ஸ்கேன் ஆகாது. போனில் காட்டலாம் என்று விதி இருக்கிறது, ஆர்யங்காவு ஏற்றத்தில் சிக்னல் இருக்க வேண்டுமே. சரக்கு பில் மூன்று பிரதி வேறு, வாங்குகிறவருக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று, நமக்கு ஒன்று. அதனால் கறுப்பு பிக்மென்டாக இருக்க வேண்டும், ஏ.டி.எஃப். லீகல் தாளை ஏற்க வேண்டும், இந்த இரண்டும் சேர்ந்தால்தான் எனக்கு மெஷின்.

தென்காசியில் கடைக்காரர் அண்ணாச்சியிடம் இதைக் கேட்டபோது, "தம்பி, எல்லாரும் கலர்தான் கேக்காங்க, நீங்க கறுப்ப வந்து கேக்கீங்க" என்று சிரித்தார். சிரித்தாலும் குடோனிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தார்.

சாரல் காலத்தில் தாளும் ஒரு தொல்லை. ரீமைப் பிரித்து வெளியே வைத்தால் ஈரம் குடித்துச் சுருளும், இரண்டிரண்டாக இழுக்கும், நடுவில் மாட்டும். அதற்கு பிரிண்டரைத் திட்டிப் பயனில்லை. தேவையான அளவு மட்டும் தட்டில் போட்டுவிட்டு மீதியை உறையோடு பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்துவிடுவேன். முத்திரைத்தாளில் பிரிண்ட் எடுக்கிறவர்கள் பின்பக்கம் நேராகத் தாள் போடுகிற மாடலைப் பாருங்கள், முன்பக்கத் தட்டில் தாள் உள்ளே போய் வளைந்து திரும்பி வருவதால் கெட்டித் தாளுக்கு அது ஆகாது.

பத்திர வேலையோடு சேர்ந்து வருகிற எஃப்.எம்.பி., அதாவது நிலத்தின் எல்லைகளை அளந்து வரைந்த புலப்படத்துக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. இணையத்திலிருந்து இறக்கிய புலப்படத்தை அப்படியே பிரிண்ட் கொடுத்தால் 'ஃபிட்' என்று இருக்கிற தேர்வு தாளுக்குத் தக்கபடி படத்தைச் சுருக்கிவிடும். 1:2000 என்று எழுதியிருப்பதை நம்பி ஸ்கேல் வைத்து அளந்தால் வரப்பு நம் தோப்புக்குள்ளேயே சுருங்கி வந்து நிற்கும். 'ஆக்சுவல் சைஸ்' வைத்து எடுங்கள், எடுத்த பிறகு படத்தில் அளவு எழுதியிருக்கிற ஒரு கோட்டை ஸ்கேலால் ஒருமுறை சரிபாருங்கள். ஸ்கேன் எடுத்துத் திரும்ப பிரிண்ட் எடுக்கும்போதும் இதே கதைதான், நூறு சதவீதத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

மற்றதெல்லாம் சில்லறை. விலை குறைந்த மாடல்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டும் பிடிக்கும், உங்கள் ரவுட்டர் 5-இல் மட்டும் ஓடினால் பிரிண்டர் கண்ணிலேயே படாது. மை தெளிக்கிற ஹெட்டைச் சுத்தம் செய்யும்போது வழிகிற மை உள்ளே ஒரு பஞ்சில் போய்ச் சேரும், அது நிரம்பினால் நாமே மாற்றக்கூடிய டப்பாவாக இருக்கிறதா, சர்வீஸ் ஆள்தான் வர வேண்டுமா என்று கேளுங்கள், இங்கிருந்து திருநெல்வேலிக்குத் தூக்கிக்கொண்டு போகிற வேலை அது. வாரண்டி ஒரு வருஷம் என்றால் அதோடு பக்க வரம்பும் இருக்கும், எது முதலில் வருகிறதோ அது.

வாங்கப் போகும்போது வீட்டில் இருக்கிற ஒரு லீகல் சைஸ் பத்திர ஜெராக்ஸையும், கசங்கி மடித்த தாள் ஒன்றையும் கையோடு எடுத்துப் போங்கள். டெமோ மெஷினில் ஒன்றை ஏ.டி.எஃப்.-இல் போடச் சொல்லுங்கள், இன்னொன்றைக் கண்ணாடியில் வைத்து 300-இல் எடுத்து உங்கள் போனுக்கே அனுப்பச் சொல்லுங்கள், மடிப்பில் இருக்கிற எழுத்தைப் பெரிதாக்கிப் படித்துப் பாருங்கள். பிரிண்ட் எடுத்த தாள் ஒன்றில் ஈர விரலை வைத்துத் தேய்த்தும் பாருங்கள், அண்ணாச்சி முறைப்பார், பரவாயில்லை.